டிசம்பர் 5 இரவு கதவைத் தட்டுகிறவர் கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை

டிசம்பர் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் போனால், சிவப்புத் தாள் சுற்றிய சாக்லேட் பொம்மைகள் வரிசையாக நிற்கும். சிலவற்றின் தலையில் வெள்ளை ஓரம் வைத்த தொங்கு குல்லா. சிலவற்றின் தலையில் கத்தோலிக்க ஆயர்கள் வைக்கும் கூர்முனைத் தொப்பி, கையில் நுனி சுருண்ட செங்கோல். குல்லாக்காரர் கிறிஸ்துமஸ் தாத்தா. ஆயர் தொப்பிக்காரர் புனித நிக்கோலாஸ். உள்ளூர்க்காரர்களே இரண்டையும் ஒரே பெயரால் சொல்லி வாங்கிப் போவதால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் குழப்பம் வராமல் இருக்காது.

ஊருக்கு ஊர் மாறும் இந்த வழக்கங்களைப் பிரித்தறிய மூன்று கேள்வி போதும். எந்த இரவு? பரிசு எதில் விழுகிறது? புனிதரோடு கூட வருகிறவர் யார்? புனிதர் ஏறக்குறைய எங்கும் ஒரே ஆள்தான்: வெள்ளைத் தாடி, நீண்ட அங்கி, நிதானமான பேச்சு. மாறுவதெல்லாம் கூட வருகிறவர். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் எந்த மலைப்பள்ளத்தாக்கில் நிற்கிறோம் என்பதைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் ஆளைப் பார்ப்போம். 4ஆம் நூற்றாண்டில் மீரா என்ற துறைமுக நகரின் ஆயர். அந்த ஊர் இன்று துருக்கியின் அந்தால்யா மாகாணத்தில் தெம்ரே என்ற பெயரில் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையைவிட அவரைப் பற்றிய கதைகளுக்கே நீளம் அதிகம். பரிசு வழக்கத்துக்கு வேர் இரண்டு கதைகள். ஒன்று நமக்குச் சட்டென்று புரியும் சீதனக் கதை. மூன்று பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன் நொடித்துப் போகிறான். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்கள் சீரழியும் நிலை. நிக்கோலாஸ் இரவோடு இரவாக ஜன்னல் வழியே பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போகிறார், மூன்று தடவை. இரவில் வருவது, யாருக்கும் தெரியாமல் கொடுப்பது என்ற இரண்டும் இங்கிருந்து வந்தவை. பழைய ஓவியங்களில் அவர் கையில் மூன்று தங்க உருண்டைகள் இருப்பதும் இதனால்தான். இன்னொரு கதை கொஞ்சம் கொடூரம்: கசாப்புக்காரன் ஒருவன் மூன்று சிறுவர்களைக் கொன்று உப்புத் தொட்டியில் ஊறப்போட, புனிதர் வந்து உயிர்ப்பிக்கிறார். அதன்பின் அவர் குழந்தைகளின் காவலர்.

1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் அவருடைய எலும்புகளை மீராவிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் அவர் பெயர் வேகமாகப் பரவியது. பிரான்சின் லொரேன் பகுதியில் நான்சி நகருக்குப் பக்கத்திலுள்ள சென் நிக்கோலா தெ போர் என்ற ஊருக்கு அவருடைய விரல் எலும்பு ஒன்று வந்து சேர்ந்ததாக மரபு. லொரேனுக்கே அவர்தான் காவல் புனிதர்.

எந்த இரவு

அவருடைய திருவிழா டிசம்பர் 6. திருச்சபைக் கணக்கில் ஒரு பெருவிழா முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். அதனால் சில ஊர்களில் 5ஆம் தேதி மாலையே எல்லாம் முடிந்துவிடும். சில ஊர்களில் 6ஆம் தேதி காலையில்தான் குழந்தை ஓடிவந்து பார்க்கும். நெதர்லாந்தில் முக்கியம் 5ஆம் தேதி மாலை. செக் நாட்டில் அதே மாலையில் புனிதர் தெருவிலேயே நடந்து வருவார். பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் 6ஆம் தேதி காலை. லக்சம்பர்க்கில் அன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையே உண்டு.

கிழக்கே போனால் தேதி நகரும். ஜூலியன் நாட்காட்டி நாம் பயன்படுத்தும் நாட்காட்டிக்கு இப்போது 13 நாள் பின்தங்கி நிற்பதால், அதைப் பின்பற்றும் சபைகளில் இந்த விழா டிசம்பர் 19இல் வரும். சேர்பியாவில் அன்று மிகப் பல குடும்பங்களின் குலக்காவலர் விழா. வேகவைத்த கோதுமை, சடங்கு ரொட்டி, மெழுகுவர்த்தி, நோன்புக் காலம் என்பதால் மீன். அங்கே இது குடும்ப விருந்து. குழந்தைப் பரிசு மையமில்லை. உக்ரைனில் தலையணைக்கடியில் பரிசு வைக்கும் வழக்கம் 19ஆம் தேதிக்கு உரியதாக இருந்தது. 2023 செப்டம்பரில் அங்குள்ள இரண்டு பெரிய சபைகள் நாட்காட்டியை மாற்றியதிலிருந்து 6ஆம் தேதிக்கு வந்துவிட்டது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு உக்ரைன் தேதி சொல்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பல்கேரியா 6ஆம் தேதியே கொண்டாடுகிறது, ஆனால் வயிற்றில் அரிசியோ வால்நட்டோ அடைத்துச் சுட்ட கெண்டை மீனோடு. மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் அவர் காவலர்.

பரிசு கிறிஸ்துமஸுக்குத் தாவியது எப்படி என்றால், 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்த இயக்கம்தான் காரணம். புனிதர் வணக்கம் கூடாது என்ற புரொட்டஸ்டன்ட் குடும்பங்கள் கொடுப்பவரைக் குழந்தை இயேசுவாக மாற்றி, நாளையும் டிசம்பர் 24க்கு நகர்த்தின. பிற்காலத்தில் இது தலைகீழானது: இன்று ஜெர்மன் மொழிப் பகுதிகளில் குழந்தை இயேசு பரிசு கொண்டுவருவது பெரும்பாலும் கத்தோலிக்கத் தெற்கில், புரொட்டஸ்டன்ட் வடக்கில் கிறிஸ்துமஸ் தாத்தா. நெதர்லாந்தில் மட்டும் நகராட்சிகள் 17ஆம் நூற்றாண்டில் விழாக் கடைகளுக்குத் தடை போட்டும் வீட்டுக்குள் வழக்கம் அழியவில்லை. சிண்டர்கிளாஸ் என்ற டச்சுப் பெயர்தான் அமெரிக்கா போய் சான்டா கிளாஸ் ஆனது.

செருப்பு, பூட்ஸ், சாக்கு

ஜெர்மனியில் 5ஆம் தேதி மாலை ஒரு பூட்ஸைத் துடைத்துப் பளபளப்பாக்கி வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். ஒன்று போதும், இரண்டும் வைத்தால் பேராசை. துடைக்காமல் சேற்றோடு வைத்தால் உள்ளே ஒரு குச்சி மட்டும் இருக்கும் என்று பயமுறுத்துவார்கள். காலையில் மாண்டரின் ஆரஞ்சு, வால்நட், மசாலா கேக், ஒரு சாக்லேட் ஆயர். ஹங்கேரியில் பூட்ஸ் ஜன்னல் விளிம்பில். இனிப்போடு பொன்வண்ணம் பூசிய சின்னக் குச்சிக்கட்டும் சேர்ந்தே வரும், ஏனென்றால் முழுக்க நல்ல பிள்ளை என்று யாரும் இல்லை.

நெதர்லாந்தில் கதை மூன்று வாரம் நீளும். நவம்பர் 11க்கு அடுத்த சனிக்கிழமை சிண்டர்கிளாஸ் நீராவிக் கப்பலில் ஸ்பெயினிலிருந்து வந்து இறங்குவார். ஒவ்வொரு ஆண்டும் வேறொரு ஊர், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. துருக்கிக்காரர் ஏன் ஸ்பெயினிலிருந்து வருகிறார் என்று டச்சுக் குழந்தை கேட்பதில்லை. கப்பலும் ஸ்பெயினும் மக்களிடம் பதிந்தது யான் ஸ்கெங்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் 1850இல் வெளியிட்ட படப்புத்தகத்தால். அன்றிலிருந்து டிசம்பர் 5 வரை சில இரவுகளில், தினமும் அல்ல, குழந்தைகள் கணப்பு அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் ஒரு செருப்பை வைப்பார்கள். அதற்குள் புனிதரின் வெள்ளைக் குதிரைக்கு ஒரு கேரட், கொஞ்சம் வைக்கோல், பக்கத்தில் தண்ணீர். பாட்டுப் பாடிவிட்டுப் படுக்கை. இரவில் பெற்றோர் செய்ய வேண்டியதில் பாதிப் பேர் மறப்பது கேரட்டை: அதைக் கடித்துத் துணுக்கு மட்டும் விட வேண்டும். முழுசாகக் கிடந்தால் காலையில் கேள்வி வரும். இன்னொரு தவறு, செருப்பை ஹீட்டருக்கு மிக நெருக்கமாக விடுவது. சாக்லேட் உருகித் தோலில் ஒட்டிவிட்டால் செருப்பும் போச்சு.

அந்தச் சாக்லேட் பெயரின் முதல் எழுத்து வடிவில் இருக்கும். ஒல்லியான எழுத்துக்காரர்கள் ஏமாற வேண்டாம், ஒரே வகையில் எல்லா எழுத்துக்கும் எடை ஒன்றே. ஒல்லி எழுத்தைத் தடிமனாக வார்த்திருப்பார்கள். கூடவே கைப்பிடியாக இறைக்கும் சின்ன மசாலா பிஸ்கட்டுகள். கடினமாக, சுக்கு, பட்டை வாசத்தோடு இருந்தால் அது க்ரவுட்நோட்; மெத்தென்று சோம்பு வாசத்தோடு கோணல்மாணலாக இருந்தால்தான் பெப்பர்நோட். பேச்சில் இரண்டையும் பெப்பர்நோட் என்றே சொல்வார்கள்.

பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. நவம்பரிலேயே சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். யாருடைய பெயர் வந்ததோ அவருக்கு ஒரு பரிசு, அதை மறைக்கும் கைவேலைப் பொதி, அவரைச் செல்லமாகக் கிண்டலடிக்கும் எதுகைப் பாட்டு. மீன்பிடிப் பைத்தியத்துக்கு அட்டையில் செய்த பெரிய மீன். வயிற்றைக் கிழித்தால் புத்தகம். பாட்டை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்த பிறகே பிரிக்க வேண்டும். கையெழுத்து "சின்ட்", அதாவது புனிதர், என்றுதான். சொந்தப் பெயர் போட்டால் ஆட்டமே கெட்டது. கிண்டல் எல்லை மீறினால் அந்த இரவே பாழ், அதனால் அந்த ஆள் தானே சிரித்துக்கொள்ளும் குறையைத்தான் தொட வேண்டும்.

கூட வருகிறவர்

புனிதர் திட்டமாட்டார், திட்டவும் மிரட்டவும் தனியாக ஓர் ஆள் வேண்டும். லொரேனில் அவர் பெயர் பேர் ஃபுவெத்தார், சாட்டையடி அப்பன் என்று சொல்லலாம். உப்புத் தொட்டிக் கசாப்புக்காரன்தான் இவன், செய்த பாவத்துக்குப் புனிதர் பின்னால் நடக்கிறான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. லக்சம்பர்க்கில் ஹூசெக்கர். ஜெர்மனியின் பல பகுதிகளில் பழுப்பு அங்கிக்காரரான க்னெக்ட் ரூப்ரெக்ட். செக் நாட்டில் மூவராக வருவார்கள்: ஆயர், தேவதை, சங்கிலி குலுக்கும் பிசாசு. குழந்தை ஒரு பாட்டோ கவிதையோ சொன்னால் இனிப்பு. சேட்டைக்காரனுக்கு உருளைக்கிழங்கோ கரித்துண்டோ.

நெதர்லாந்தின் துணையாள் பெரிய சச்சரவுக்கு உரியவன். ஸ்கெங்க்மன் புத்தகத்தின் கறுப்பு வேலைக்காரன்தான் பிற்பாடு ஸ்வார்ட்ட பீட் ஆனான்: முகத்தில் கறுப்பு மை, தடித்த சிவப்பு உதடு, சுருட்டை முடி. இது கறுப்பினத்தவரைக் கேலி செய்வது என்ற எதிர்ப்பு 2010களில் வலுத்தது. 2019 முதல் தேசிய வருகை நிகழ்ச்சியில் கன்னத்தில் புகைக்கரிக் கீற்று மட்டும் பூசிய பீட்கள்தான். புகைபோக்கி வழியே இறங்குகிறவன் மேல் கரி ஒட்டத்தானே செய்யும் என்ற விளக்கத்துக்குக் கரிக் கீற்றுதான் பொருந்தும். சுருட்டை முடிக்கும் சிவப்பு உதட்டுக்கும் அந்த விளக்கம் ஒருபோதும் பொருந்தியதில்லை.

ஆஸ்திரியாவிலும் தென் பவேரியாவிலும் வருகிறவன் கிராம்புஸ். முகமூடி மரத்தில் செதுக்கியது, பெரும்பாலும் மலைப் பைன் அல்லது லிண்டன்; அதில் ஆட்டுக்கொம்பு, உடம்பு முழுக்கச் செம்மறி அல்லது வெள்ளாட்டு ரோமத்தோல், இடுப்பு வாரில் கனத்த மணிகள், கையில் பிர்ச் விளார். சால்ஸ்பர்க் மாநிலத்தின் காஸ்டைன் பள்ளத்தாக்கில் இவர்கள் குழுவாக வீடு வீடாகப் போவார்கள். குழுவுக்குப் பாஸ் என்று பெயர்: ஒரு நிக்கோலாஸ், பரிசுக் கூடை சுமப்பவர், தேவதை, சில கிராம்புஸ். முதலில் புனிதர் உள்ளே போய்க் குழந்தைகளிடம் பேசுவார். கூடையிலிருந்து பொட்டலம் தருவார். அவர் சொன்ன பிறகுதான் மணியோசை உள்ளே வரும். வழியில் இரண்டு பாஸ் எதிர்ப்பட்டால் கிராம்புஸ்கள் தோளோடு தோள் மோதிக்கொள்வது மரபு.

முகமூடியின் கண்துளை சிறியது, பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. கனம் முழுவதும் கழுத்தில். பார்வையாளர் ஒருவர் விளையாட்டாகக் கொம்பைப் பிடித்து இழுத்தால் போட்டிருப்பவர் கழுத்து திருகிக்கொள்ளும். ஆகவே கொம்பைத் தொடாதே என்பதுதான் முதல் விதி. குடித்துவிட்டு விளாரை ஓங்குகிறவர்களும் உண்டு. அதற்காகத்தான் பெரிய ஊர்வலங்களில் தடுப்பும், வேடத்தில் அடையாள எண்ணும் வைக்கிறார்கள். சின்னக் குழந்தையோடு போகிறவர் தடுப்பின் முன்வரிசையில் நிற்காமல் இருப்பது நல்லது.

கிராம்புஸையும், பெர்ஹ்டன் என்ற வேறு முகமூடி உருவங்களையும் ஒன்றாக்குவது இன்னொரு பரவலான தவறு. பெர்ஹ்டன் கிறிஸ்துமஸுக்குப் பின், ஜனவரி 6 வரையிலான இரவுகளுக்கு உரியவை; புனிதரோடு தொடர்பில்லை. சுற்றுலாக் காட்சிகளில் இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றிவிடுவதால்தான் இந்தக் கலப்பு. இவை எல்லாமே கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஆதிவழிபாடு என்ற பேச்சும் அப்படியே நம்பத்தக்கதல்ல. புனிதர், பிசாசு, தேவதை என்ற இந்தக் கூட்டணியே திருச்சபை நாடக மேடையின் வாசம் வீசுகிறது.

எல்லாத் துணையாளும் கொம்புக்காரன் என்றும் எண்ண வேண்டாம். பவேரியாவின் பெர்ஹ்டஸ்காடன் பகுதியில் புட்ன்மண்டல் தலை முதல் கால் வரை வைக்கோலால் சுற்றிய உருவம், முதுகில் பெரிய மாட்டு மணி. வைக்கோல் நீளமாக இருந்தால்தான் கட்டு நிற்கும். அறுவடை இயந்திரம் நொறுக்கிய வைக்கோல் சரிந்துவிடும் என்பதால் இதற்கென்றே தனியாக எடுத்து வைப்பார்கள். புறப்படும் முன் எல்லாரும் சேர்ந்து செபம் சொல்வது வழக்கம்.

விளக்குத் தொப்பி ஊர்

சுவிட்சர்லாந்தின் ஷ்வீட்ஸ் மாநிலத்தில், ஏரிக்கரையில் கூஸ்நாக்ட் என்ற சிற்றூர். 5ஆம் தேதி இரவு வெடிச்சத்தம் கேட்டதும் தெருவிளக்குகள் அணையும். முதலில் சாட்டை சுழற்றுகிறவர்கள். காற்றில் வெடிக்கிற சத்தம் கட்டடங்களில் மோதித் திரும்பும். அதன்பின் இருளில் இருநூறு அளவில் ஒளிக்கோபுரங்கள் ஆடிக்கொண்டே வரும். அவை இஃபெலெ. ஆயர் தொப்பி வடிவத்தில், சில இரண்டு மீட்டரையும் தாண்டும் உயரத்தில், தலையில் சுமக்கும் விளக்குகள். சுமக்கிறவர்கள் வெள்ளைச் சட்டையில் அடிக்கடி ஒரு சுழற்சி சுழல்வார்கள், கோதிக் ஆலயக் கண்ணாடி ஜன்னல் எழுந்து ஆடுவது போல.

செய்முறை எளிது, வேலை கொடியது. கறுப்பு அட்டையில் கோலம் போலச் சித்திரம் வரைந்து, ஒளி வர வேண்டிய ஒவ்வொரு துளையையும் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பின்புறம் வண்ண மென்தாள். உள்ளே மெழுகுவர்த்தி. ஒரு பெரிய இஃபெலெக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும். துளைகளுக்கு நடுவே விடும் அட்டைப் பாலம் மெலிந்தால் சுழலும்போது கிழியும். தடித்தால் வெளிச்சம் மங்கும். எவ்வளவு விடலாம் என்பது கைப்பழக்கத்தில்தான் வரும். ஆண்கள் மட்டும் சுமக்கும் இந்த ஊர்வலத்தில் புனிதர் தன் துணையாட்களோடு நடுவில் வருவார். பின்னால் நூற்றுக்கணக்கில் கனத்த மாட்டுமணிகள், கடைசியில் கொம்பு ஊதுகிறவர்கள். இன்றைய ஒழுங்கு 1928இல் தொடங்கிய உள்ளூர்ச் சங்கத்தால் வந்தது. அதற்கு முன்பு இது வெறும் இரைச்சல் விரட்டு. "கிளவுஸை (நிக்கோலாஸை) விரட்டுதல்" என்ற பெயர் மட்டும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அந்த ஆண்டு எந்த இரவு என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வார இறுதியில் விழுந்தால் நாளை மாற்றிவிடுவதுண்டு.

சாமிக்லாவுஸ் வீட்டுக்கு வந்தால்

சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதியில் அவர் பெயர் சாமிக்லாவுஸ். ஸ்பெயின் இல்லை, காடு. அங்கேதான் கழுதையோடும், கரி பூசிய துணையாள் ஷ்முட்ஸ்லியோடும் குடியிருக்கிறார். கத்தோலிக்க மாநிலங்களில் ஆயர் தொப்பி. சூரிச் போன்ற புரொட்டஸ்டன்ட் பகுதிகளில் பெரும்பாலும் சிவப்புக் கம்பளி அங்கியும் முக்காடும். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் மழலையர் பள்ளியிலேயே இவரைச் சந்தித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைதான்.

வீட்டு வருகைக்குப் பங்குக் கோவிலிலோ உள்ளூர்ச் சங்கத்திலோ நவம்பரிலேயே பதிய வேண்டும். பிள்ளையைப் பற்றிய குறிப்பை எழுதித் தருவது பெற்றோர் பொறுப்பு: இரண்டு பாராட்டு, ஒரு திருத்தம் என்பது நல்ல அளவு. "தம்பிக்குப் பொம்மையைத் தருகிறாள்" போல குறிப்பாக இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை" என்று எழுதினால் சாமிக்லாவுஸுக்குப் பேச ஒன்றுமில்லை. படுக்கையில் சிறுநீர் கழிப்பது போன்றதை எழுதவே கூடாது. அயலார் முன்னால் அவமானப்பட்ட பிள்ளை அடுத்த ஆண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளியும். சாக்கை நிரப்பி வாசலுக்கு வெளியே மறைத்து வைத்தால் ஷ்முட்ஸ்லி எடுத்து வருவார். தோலோடு வறுத்த வேர்க்கடலை, வால்நட், மாண்டரின், மசாலா கேக். பெரிய புத்தகத்திலிருந்து படிப்பார், பிள்ளை நாலு வரிப் பாட்டுச் சொல்லும், கால் மணி நேரத்தில் அடுத்த வீடு. பள்ளிக்குச் சாக்கு அனுப்புவதானால் கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றைய ரொட்டி கிரிட்டிபென்ஸ்: காலை அகட்டி நிற்கும் மாவு மனிதன். ரைன் பகுதியில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி உண்டு, கையில் களிமண் புகைக்குழாயோடு. ஆயரின் செங்கோலைத் தலைகீழாகப் பிடித்தால் அதுதான் என்று சொல்வார்கள்.

நாலு மாவு மனிதர்களுக்கு 500 கிராம் மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 7 கிராம் உலர் ஈஸ்ட், 60 கிராம் வெண்ணெய், 300 மில்லி பால். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்து மாவு கல்லாகும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி, இரண்டு மடங்காகும் வரை விடுங்கள். குளிர்நாட்டுச் சமையலறையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலாகப் பிரித்து நீள உருளையாக்கி, மேலே கழுத்தை நெருக்கித் தலை. கீழே கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, இரண்டு கால். அந்தக் கால்களை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக அகட்டி வையுங்கள்; அடுப்பில் உப்பும்போது ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒரு வெட்டு, கைகள். கை மெலிந்தால் கருகும், அதனால் விரல் பருமனுக்குக் குறையக் கூடாது. இருபது நிமிடம் விட்டு முட்டை பூசி, கண்ணுக்கு உலர்திராட்சையை விரல் நுழையும் ஆழத்துக்கு அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் வெந்ததும் மனிதன் குருடாகிவிடுவான். 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுப் பெட்டி போலச் சத்தம் வர வேண்டும். அன்றே தின்றுவிடுவது உத்தமம். மிஞ்சினால் மறுநாள் துண்டு போட்டு வாட்டி வெண்ணெய் தடவலாம். முதலில் தலையா காலா என்ற சண்டை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும்.